தபூலே: இலைதான் உணவு, கோதுமை அதற்குத் துணை

தபூலே என்கிற லெபனான், சிரியா நாட்டு இலைச் சாலட்டின் பெயரைச் சொல்லி நம்மூர் உணவகங்களிலும் விமான நிலையக் கடைகளிலும் பெரும்பாலும் கொடுப்பது கோதுமை நொய்யின் மேல் கொஞ்சம் பச்சை தூவிய ஒரு கலவை. லெபனானிலும் சிரியாவிலும் அதற்கு அந்தப் பெயர் செல்லாது. அங்கே கிண்ணம் முழுக்கப் பார்ஸ்லியின், அதாவது கொத்தமல்லி போலத் தெரிகிற ஒரு வாசனை இலையின், பச்சைதான். இடையிடையே தக்காளியின் சிவப்பு தெரியும். கோதுமையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஜூலை முதல் சனிக்கிழமையைத் தபூலே நாளாகக் கொண்டாடுகிற வழக்கம் 2001இல் லெபனானில் தொடங்கியது. ஒரு சாலட்டுக்குத் தனி நாள் ஒதுக்குகிற ஊரில் அதன் விகிதத்தை மாற்றினால் சும்மா விடமாட்டார்கள்.

அடுப்பே பற்றவைக்காத சமையல் இது. ஆனாலும் வீட்டில் செய்கிறவர்களில் பாதிப்பேருக்குச் சொதசொதவென்றுதான் வருகிறது. காரணம் சுவைப் பொருள்களின் அளவு அல்ல, தண்ணீர். கழுவிய இலையில் ஒட்டியிருப்பது, தக்காளியிலிருந்து வடிவது, உப்பு பட்டதும் இலை விடுவது, ஊறவைத்த கோதுமையோடு வருவது என்று நாலு பக்கமும் தண்ணீர் சேருகிறது. அதை எங்கே தடுப்பது, எங்கே பயன்படுத்திக்கொள்வது என்று தெரிந்தால் தபூலே வந்துவிடும்.

4 பேருக்கான அளவு: தண்டு நீக்கிய பார்ஸ்லி 200 கிராம், புதினா இலை 30 கிராம், கெட்டியான பழுத்த தக்காளி 300 கிராம், வெங்காயத்தாள் 4, மெல்லிய புர்குல் (வேகவைத்துக் காயவைத்து உடைத்த கோதுமை, புல்குர் என்றும் எழுதுவார்கள்) 40 கிராம், அதாவது கால் கப், எலுமிச்சைச் சாறு 70 மில்லி, ஆலிவ் எண்ணெய் 80 மில்லி, உப்பு ஒரு டீஸ்பூன், மிளகுத்தூளும் ஆல்ஸ்பைஸ் தூளும் கால் கால் டீஸ்பூன். பார்ஸ்லியைக் கட்டாக வாங்கினால் 350 முதல் 400 கிராம் வரை எடுக்க வேண்டும். தண்டில் அவ்வளவு போய்விடும். இலையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் கோதுமை என்பதைக் கவனியுங்கள். இதைக் கூட்டினால் வேறு சாலட் ஆகிவிடும். துருக்கியின் கிஸிர் அப்படிப்பட்டது. அதில் கோதுமைதான் முதன்மை. தக்காளி விழுதோ மிளகாய் விழுதோ சேர்த்துப் பிசைவார்கள். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது தபூலே இல்லை.

இந்தக் கோதுமையில்தான் தமிழ்நாட்டில் செய்கிறவர்கள் முதலில் சறுக்குவார்கள். கடையில் புல்குர் என்று எழுதிய பொட்டலம் கிடைக்காதபோது, பார்க்க ஒன்றுபோல இருக்கிறதே என்று கோதுமை ரவையையோ சம்பா கோதுமை ரவையையோ ஊறவைத்துப் போட்டுவிடுகிறார்கள். பல்லில் மணலாக நெறநெறக்கும், பச்சை மாவு வாசனையும் வரும். பச்சரிசிக்கும் புழுங்கலரிசிக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கேயும். ரவை என்பது வேகாத கோதுமையை உடைத்தது. புர்குல் என்பது முழுக் கோதுமையை வேகவைத்து, வெயிலில் காயவைத்து, அதன்பிறகு உடைத்துச் சலித்தது. லெபனான் மலைக்கிராமங்களில் கோடை முடிகிற சமயம் மொட்டை மாடிகளில் வேகவைத்த கோதுமை காய்வதைப் பார்க்கலாம். ஏற்கெனவே வெந்ததாகையால் அதற்கு மறுபடி தீ தேவையில்லை, ஈரம் கிடைத்தால் போதும்.

புர்குலில் பருமனுக்கேற்ப எண்கள் உண்டு. 1 என்று குறித்தது மிக மெல்லியது, ஏறக்குறைய வெள்ளை ரவைப் பருமன். தபூலேக்கு அதுதான். 2 நடுத்தரம், வேறு வழியில்லாவிட்டால் வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, நன்றாகப் பிழிந்து சேர்க்கலாம். 3, 4 எல்லாம் புலாவுக்கும் சூப்புக்கும். அவற்றைப் பச்சையாக இதில் போட்டால் நடுவில் கல்லாகவே நிற்கும்.

ரவைதான் கையில் இருக்கிறது என்றால், நிறையத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதில் 40 கிராம் ரவையைப் போட்டு 8 முதல் 10 நிமிடம் வேகவிடுங்கள். ஒரு மணியை எடுத்து நகத்தால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப்புள்ளி தெரியக்கூடாது. சல்லடையில் வடித்து, குளிர்ந்த நீரில் ஒரு முறை அலசி, துணியில் பரப்பி ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். ஆனால் ஒன்று: ஏற்கெனவே தண்ணீர் குடித்துவிட்ட ரவை தக்காளிச் சாற்றை உறிஞ்சாது. அதனால் தக்காளியின் விதைப்பகுதியை நீக்கிவிட்டுத்தான் நறுக்க வேண்டும். பொறுமை உள்ளவர்கள் புர்குலையே வீட்டில் செய்துகொள்ளலாம். முழுக் கோதுமையைத் தோல் வெடிக்காமல் உள்வரை வேகும்படி 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வேகவைத்து, வடித்து, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் கலகலவென்று காயவைத்து, மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டி உடைத்து, சலித்து, மாவை நீக்கிவிட வேண்டும். சித்திரை வைகாசியில் இதைவிட எளிதான வேலை கிடையாது. மழைக்காலத்தில் முயன்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

சரி, புர்குல் கிடைத்துவிட்டது. அடுத்த தவறு, அதைத் தண்ணீரில் ஊறவைப்பது. பல குறிப்புகள் அப்படித்தான் சொல்கின்றன. மெல்லிய புர்குல் தன் எடையைவிடக் கூடுதலாகவே ஈரத்தைக் குடிக்கும். அந்த இடத்தைப் பச்சைத் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டால், தக்காளிச் சாறும் எலுமிச்சைச் சாறும் போக இடமில்லாமல் கிண்ணத்தின் அடியில் குளமாக நிற்கும். லெபனான் வீடுகளில் செய்யும் முறை இதற்கு நேர்மாறு. புர்குலை ஒரு முறை அலசி, உடனே வடித்து, அகலமான பாத்திரத்தின் அடியில் பரப்புவார்கள். அதன்மேல் நறுக்கிய தக்காளியைச் சாறோடு கொட்டுவார்கள். நறுக்கும் பலகையில் வடிந்ததையும் வழித்துவிட வேண்டும். அதற்கு மேல் வெங்காயம், அதற்கு மேல் புதினா, உச்சியில் பார்ஸ்லி. கலக்காமல் அப்படியே மூடி குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். தக்காளியின் சாறு கீழே இறங்கி கோதுமையை ஊறவைக்கும். இலை மேலே உலர்ந்தபடியே இருக்கும். நாலு பக்கத் தண்ணீரில் இரண்டு பக்கம் இந்த ஒரே ஏற்பாட்டில் அடங்கிவிடுகிறது. தக்காளி சதைப்பிடிப்பாகச் சாறு குறைவாக இருந்தால், எலுமிச்சைச் சாற்றில் 2 மேசைக்கரண்டி எடுத்துப் புர்குல் மேல் தெளித்தால் சரியாகிவிடும். 20 நிமிடத்தில் மணி மெத்தென்று ஆகும், லேசான கடிப்பும் மிஞ்சும். அந்தக் கடிப்பு இருக்க வேண்டும்.

இலைக்கு வருவோம். தபூலேயில் நேரம் செல்வது முழுக்க இங்கேதான்.

பார்ஸ்லியில் இரண்டு வகை விற்கிறது: தட்டை இலை, சுருட்டை இலை. தட்டை இலைதான் வேண்டும். வாசனை அதிகம், வாயில் மிருது. நம்மூர்ப் பெரிய கடைகளில் இங்கிலீஷ் காய்கறிகளோடு வருவதில் சுருட்டை இலையும் நிறைய உண்டு. அது தொண்டையில் உரசும். அதுதான் கிடைத்தது என்றால் தண்டை ஒட்ட நீக்கி, இன்னும் பொடியாக நறுக்கி, எண்ணெயை ஒரு மேசைக்கரண்டி கூட்டிக்கொள்ளுங்கள். தட்டை இலைப் பார்ஸ்லியும் கொத்தமல்லியும் பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும். கொத்தமல்லியின் ஓரம் உருண்டு, நிறம் வெளிறியிருக்கும். பார்ஸ்லி கரும்பச்சை, நுனி கூர். சந்தேகம் வந்தால் ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தால் முடிந்தது. வளைகுடா நாடுகளில் வேலை செய்கிற நம்மவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல, அங்கே இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கூடையில் இருக்கும்.

பார்ஸ்லிக்குப் பதில் கொத்தமல்லியே போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. 200 கிராம் கொத்தமல்லியைப் பொடியாக நறுக்கி எலுமிச்சை பிழிந்தால் கிடைப்பது அரைக்காத சட்னி. பார்ஸ்லி கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல வழி முட்டைக்கோஸ். லெபனானிலேயே கோஸை நூலாகச் சீவி, புர்குலும் வேகவைத்த கொண்டைக்கடலையும் சேர்த்து ஸஃப்ஸூஃப் என்று ஒரு சாலட் செய்கிறார்கள். இளங்கோஸ் முக்கால் பங்கு, கொத்தமல்லி கால் பங்கு என்று வைத்துக்கொண்டால் நாம் சாப்பிடக்கூடிய ஒன்று வரும். தொட்டியில் பார்ஸ்லி வளர்க்கவும் செய்யலாம். விதை முளைக்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும் என்பதால், முளைக்கவில்லை என்று மண்ணைக் கொட்டிவிட வேண்டாம். சமவெளி வெயிலில் அரை நிழல் தேவை. பூத்தண்டு கிளம்பிய செடியின் இலை கசக்கும். அதற்கு முன்பே பறித்துவிடுங்கள்.

கழுவுவது: பார்ஸ்லிக் காம்புகளுக்கிடையே மண் தங்கும். குழாயடியில் காட்டினால் போகாது. அகலமான பாத்திரத்தில் நீர் நிரப்பி, கட்டைப் பிரித்து அமுக்கி அலசி, இலையை மேலாகக் கையால் அள்ளி எடுக்க வேண்டும். இலையோடு சேர்த்து நீரைக் கவிழ்த்தால் அடியில் இறங்கிய மண் மறுபடி இலையில்தான் படியும். அடியில் மண் தெரியாத வரை, வழக்கமாக மூன்று தடவை. பச்சையாகச் சாப்பிடுவதாகையால் கடைசி அலசலுக்குக் குடிநீரையே பயன்படுத்துங்கள்.

கழுவியதைவிட உலர்த்துவது முக்கியம். ஈர இலையை நறுக்கினால் கத்தியில் ஒட்டிக்கொண்டு கூழாகும். உதறி, பருத்தித் துணியில் பரப்பி மின்விசிறிக்கடியில் ஒரு மணி நேரமாவது விட வேண்டும். முதல் நாள் மாலையே கழுவி, தளர்வாகத் துணியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் மறுநாள் இலை மொறமொறவென்று நிற்கும். இதுதான் எல்லாவற்றிலும் சிறந்த வழி. சாலட் சுழற்றி இருந்தால் பாதி வேலையை அது செய்யும், மீதியைத் துணிதான் செய்ய வேண்டும்.

நறுக்குவது: மிக்ஸி, சாப்பர் இரண்டையும் மறந்துவிடுங்கள். அவை வெட்டுவதில்லை, அடித்துக் கிழிக்கின்றன. செல் உடைந்து சாறு கசிந்து, பச்சை கறுத்து, புல் வாசனை வரும். தீட்டிய கத்தி ஒன்று போதும். இலைகளின் தலைப்பை ஒரு பக்கமாக அடுக்கி, ஒரு கைப்பிடியளவு எடுத்து, தடித்த தண்டை இலை தொடங்கும் இடத்தில் வெட்டி எறிந்துவிடுங்கள். மேலே உள்ள மெல்லிய காம்பு இருக்கலாம், அதில் சுவை உண்டு. கைப்பிடியை இறுக்கமாகச் சுருட்டி, விரல்களை மடக்கிப் பிடித்து, ஓரத்திலிருந்து ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்குச் சீவிக்கொண்டே வாருங்கள். அரைக்கீரை ஆய்ந்து பொடியாக அரியத் தெரிந்த கைக்கு இது கடினமே இல்லை. ஒரே கட்டுப்பாடு, சீவியதைக் குவித்துவைத்து மறுபடி கொத்தக்கூடாது. ஒவ்வொரு கொத்துக்கும் பலகை ஈரமாகும். பலகை பச்சையாகிவிட்டால் இலையில் இருக்க வேண்டியது பலகைக்குப் போய்விட்டது என்று பொருள். 200 கிராம் நறுக்கப் பழகிய கைக்கு 20 நிமிடம் பிடிக்கும், பழகாத கைக்கு அதைப்போல இரண்டு மடங்கு.

புதினா நம்மூர்ப் புதினாவே சரி. ஆனால் நறுக்கிய சில நிமிடங்களில் கறுக்கத் தொடங்கும். அதனால் அதைக் கடைசியாக நறுக்குங்கள், இலையை மட்டும். அளவைக் கூட்ட ஆசை வரும். 30 கிராமுக்கு மேல் போனால் பார்ஸ்லி காணாமல் போகும்.

தக்காளி அரை சென்டிமீட்டர் துண்டுகள். நாட்டுத் தக்காளியில் சாறும் புளிப்பும் அதிகம். அதைப் போட்டால் எலுமிச்சையை 10 மில்லி குறைத்துக்கொள்ளுங்கள். பெங்களூர்த் தக்காளி துண்டாக நிற்கும், சுவை மட்டு. இரண்டையும் பாதிப் பாதி கலப்பது நல்ல சமரசம். குளிர்சாதனப் பெட்டியில் கிடந்த தக்காளியில் வாசனை இருக்காது, வெளியே பழுத்ததாக எடுங்கள்.

வெங்காயத்தாளில் வெள்ளையையும் இளம்பச்சையையும் மட்டும் பொடியாக நறுக்கி, மிளகு, ஆல்ஸ்பைஸ் தூளோடு ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து விரல் நுனியால் பிசறி வைத்தால் காரம் மட்டுப்படும், மசாலாவும் ஒரே இடத்தில் கட்டியாக நிற்காது. சின்ன வெங்காயம் ஐந்தாறு போட்டாலும் பரவாயில்லை. பெரிய வெங்காயம் மட்டும் வேண்டாம். அரை மணியில் மற்றெல்லா வாசனையையும் விழுங்கிவிடும். ஆல்ஸ்பைஸ் இல்லாவிட்டால் ஒரு கிராம்பும் அரிசியளவு பட்டையும் பொடித்துப் போடுங்கள். கரம் மசாலா கூடாது.

எலுமிச்சையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. லெபனானில் பயன்படுத்துவது பெரிய மஞ்சள் எலுமிச்சை, ஒன்றில் 40 மில்லிக்கு மேல் சாறு வரும், புளிப்பு மிதம். நம்மூர்ச் சிறு எலுமிச்சையில் 15 முதல் 20 மில்லி. புளிப்பும் கூர்மை, தோலை அழுத்திப் பிழிந்தால் கசப்பும் இறங்கும். ஆகவே 70 மில்லி என்பது மஞ்சள் எலுமிச்சைக் கணக்கு. நம்மூர்ப் பழத்துக்கு 55இல் தொடங்கி, சுவைத்துக் கூட்டுங்கள். சாற்றை முன்கூட்டியே பிழிந்து வைத்தால் கசப்பு தட்டும். பரிமாறும் நேரத்தில் பிழிவதே நல்லது.

கலப்பது கடைசி வேலை. சாப்பிட ஆட்கள் உட்கார்ந்த பிறகுதான் செய்ய வேண்டும். உப்பு இலையிலிருந்து நீரை இழுக்கும். புளிப்பு பச்சையத்தைத் தாக்கி இலையைக் காக்கி நிறத்துக்குக் கொண்டுபோகும். இரண்டுமே இலையில் பட்ட நிமிடத்திலிருந்து வேலையைத் தொடங்கிவிடும். முதலில் எலுமிச்சைச் சாற்றில் உப்பைக் கரையுங்கள். எண்ணெயில் உப்பு கரையாது, அதனால் இந்த வரிசை முக்கியம். அடுக்கி வைத்த பாத்திரத்தில் அதை ஊற்றி, அடியிலிருந்து கையால் மேலே புரட்டி, சுவையுங்கள். எண்ணெய் சேருமுன் புளிப்பு கொஞ்சம் தூக்கலாகவே தெரிய வேண்டும். எண்ணெய் அதை அடக்கிவிடும். பிறகு ஆலிவ் எண்ணெய், மறுபடி இரண்டு புரட்டு. கரண்டியால் அழுத்திக் கிளற வேண்டாம். எண்ணெயில் கஞ்சத்தனம் காட்டினால் இலை தொண்டையில் சிக்கும். எக்ஸ்ட்ரா வர்ஜின்தான் வேண்டும். சமையலுக்கென்று விற்கிற வெளிறிய ஆலிவ் எண்ணெயில் வாசனையே கிடையாது. நல்லெண்ணெய் இதற்குப் பொருந்தாது.

கலந்து ஐந்து நிமிடம் கழித்து அடியைச் சாய்த்துப் பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி சாறு தங்கியிருந்தால் கணக்கு சரி. கிண்ணத்தில் சாறு அசைந்தாடினால் இலை உலரவில்லை, அல்லது தக்காளி அதிகம். ஒரு மேசைக்கரண்டி புர்குலைத் தூவிப் பத்து நிமிடம் விட்டால் ஓரளவு மீட்கலாம். சாறே இல்லாமல் உலர்ந்து கோதுமை உறுத்தினால் இன்னொரு தக்காளியைத் துருவிச் சாறை மட்டும் விடுங்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள்.

சாப்பிடுவதற்கு ரொமெய்ன் லெட்யூஸின் உள்ளிலை, இளங்கோஸ் இலை, திராட்சைக் கொடியின் தளிர் என்று எதையாவது கரண்டியாக்கி அள்ளுவது அங்கத்திய வழக்கம். கோஸ் இலை நமக்கு எளிது. திராட்சைத் தளிருக்குக் கம்பம் பள்ளத்தாக்கு நினைவுக்கு வரலாம். ஆனால் மருந்து தெளித்த கொடியின் இலையைப் பச்சையாகத் தின்னக்கூடாது. வீட்டுக்கொடி என்றால் தாராளமாக.

இரண்டு எச்சரிக்கை. புர்குல் கோதுமையேதான், குளூட்டன் ஒவ்வாதவர்களுக்கு ஆகாது. அவர்களுக்காகத் தினையையோ சாமையையோ உதிரியாக வடித்து ஆறவைத்து, ரவைக்குச் சொன்னபடி தக்காளி விதையை நீக்கிச் செய்யலாம். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கிற வார்ஃபரின் மருந்தைச் சாப்பிடுகிறவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 100 கிராம் பார்ஸ்லியில் 1600 மைக்ரோகிராமுக்கு மேல் வைட்டமின் கே இருக்கிறது, அது அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும்.

விருந்துக்கு 20 பேருக்குச் செய்வதானால் ஒரு கிலோ இலை. தனி ஆளாக உட்கார்ந்தால் அந்தப் பொழுது போய்விடும். இரண்டு பலகை, இரண்டு கத்தி, இரண்டு பேர். இலையை முதல் நாள் கழுவி உலர்த்தி, அன்று மூன்று நான்கு மணி நேரம் முன்பு நறுக்கி அடுக்கி வைக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கலக்காதீர்கள். ஐந்து பேருக்கு ஒரு பாத்திரமாக நாலு பாத்திரத்தில் அடுக்கி, ஒன்று காலியாகும்போது அடுத்ததைக் கலக்குங்கள். கலந்தது மிஞ்சினால் மறுநாள் அது சாலட்டாக இருக்காது. வடித்துப் பிழிந்து, கடலை மாவும் கொஞ்சம் அரிசி மாவும் சேர்த்துப் பிசைந்து தோசைக்கல்லில் அடையாகத் தட்டிப் போடலாம். எலுமிச்சைப் புளிப்பு ஏறியிருப்பதால் மாவில் புதிதாக உப்பு மட்டும் போட்டால் போதும், அதுவும் குறைவாக.